யோசித்து யோசித்தே பைத்தியம் பிடித்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 29. கணக்கு வழக்கு பார்க்கும் வேலை. சின்ன வயதிலிருந்தே எதையாவது யோசித்துக்கொண்டே இருப்பேன். கடந்த இரண்டு வருடமாக அது என் கையை மீறிப் போய்விட்டது. அலுவலகத்தில் ஒருவர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தையை இரவு இரண்டு மணி வரை புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். சில சமயம் ‘நான் என்பது யார், இதெல்லாம் நிஜம்தானா’ என்று யோசிக்க ஆரம்பித்தால், சுற்றியிருப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. போன மாதம் அக்கா குழந்தையைத் தூக்கி வைத்திருந்தபோது ‘கீழே போட்டுவிட்டால்?’ என்று ஓர் எண்ணம் வந்தது. அன்றிலிருந்து குழந்தையைத் தொடுவதே இல்லை. என் தாய்மாமா நன்றாகப் படித்தவர். 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்து இன்றும் மாத்திரையில் இருக்கிறார். “எந்நேரமும் புத்தகமும் யோசனையுமா இருந்தான், அதான் மூளை குழம்பிருச்சு. நீயும் அப்படித்தான் இருக்கே” என்கிறார் அம்மா. அதிகமாக யோசித்தால் பைத்தியம் பிடிக்குமா? படிப்பதையெல்லாம் நிறுத்திவிடட்டுமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதையும் யோசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். பிடிக்காது. யோசனை எவ்வளவு கூடினாலும் அது மட்டுமே யாரையும் பைத்தியமாக்குவதில்லை. ஆனால் ‘உங்களுக்கு ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்’ என்றும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒன்று இருக்கிறது. நீங்கள் பயப்படுவது அதுவல்ல, அவ்வளவுதான்.

பைத்தியம் என்ற சொல்லை மருத்துவர்கள் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. இல்லாத குரல் காதில் விழுவது, நடக்காத சதி நடப்பதாக அசைக்க முடியாமல் நம்புவது, பேச்சும் நடத்தையும் கோர்வை இழப்பது. அந்தச் சொல்லே பித்தத்திலிருந்து பிறந்தது. பித்தம் மிகுந்தால் புத்தி பேதலிக்கும் என்று பழைய வைத்தியம் நம்பியது. ஆக, அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள்கூடப் பழியைப் பித்தத்தின் மேல்தான் போட்டார்கள், யோசனையின் மேல் போடவில்லை.

உங்கள் மாமா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா சொல்வது பொய் இல்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் பார்த்த வரிசையை வைத்துக் காரணத்தை முடிவுசெய்துவிட்டார். மனச்சிதைவு நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியில் தொடங்கி இருபதுகளின் நடுப்பகுதிக்குள் தலைகாட்டும். அதுவும் ஒரே நாளில் வருவதில்லை. குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் முன்பே மாற்றம் ஆரம்பித்துவிடும். நண்பர்களை விட்டு விலகுவார்கள். தூக்கம் தடம் மாறும். தனியாக உட்கார்ந்திருப்பார்கள். சிலருக்குத் திடீரென்று தத்துவம், கடவுள், பிரபஞ்ச ரகசியம் என்று ஒரு வேட்கை வரும். சுற்றிலும் நடப்பதற்கெல்லாம் ஏதோ மறைவான அர்த்தம் இருப்பதாகத் தோன்றும், அந்த அர்த்தத்தைத் தேடிப் புத்தகங்களைப் புரட்டுவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் வீட்டாருக்கு இது எப்படித் தெரியும்? ‘எப்போதும் யோசனையிலேயே இருக்கிறான்’ என்றுதான் தெரியும். ஆறு மாதம் கழித்து நோய் வெளிப்படையாகும்போது, யோசித்ததால்தான் வந்தது என்று முடிவாகிவிடும். முதலில் கண்ணில் பட்டது புகை. அதற்காகப் புகைதான் நெருப்பை மூட்டியது என்று சொல்ல முடியுமா?

இன்னொன்றையும் பாருங்கள். 22 வயதில் ஒருவர் கையில் புத்தகம் இருப்பது அப்படி என்ன அதிசயம்? எழுத்தே அறியாதவர்களுக்கும், நாள் முழுக்க உடலுழைப்பு செய்து அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறவர்களுக்கும் இதே நோய் வருகிறது. அவர்கள் வீட்டில் காரணம் வேறாகச் சொல்லப்படும்: பயந்துவிட்டான், காதல் தோல்வி, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். நோய் ஒன்றுதான், கைக்குக் கிடைத்த காரணம்தான் வேறு.

உண்மையான காரணங்கள் இவ்வளவு சுவாரசியமானவை அல்ல. ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள், கருவிலும் பிறப்பிலும் நேர்ந்த சிக்கல்கள், வளரும் வயதில் கஞ்சா, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் ஒழுங்கு குலைவது. இவை ஒன்றுசேரும்போதுதான் நோய் வருகிறது. மரபணு மட்டுமே விதி என்றும் சொல்ல முடியாது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான். பொதுவாக வாழ்நாளில் நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் இது. தாய்மாமாவுக்கு இருந்தால் மருமகனுக்கு அந்த ஒன்று மூன்று அல்லது நான்கு ஆகலாம். அதாவது நூறு மருமகன்களில் குறைந்தது 96 பேருக்கு வருவதில்லை. உங்களுக்கு 29 வயது. ஆண்களுக்கு ஆபத்து மிகுந்த வருடங்களில் பெரும்பகுதியை ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். குடும்பத்தில் இப்படி ஒருவர் இருப்பதால் உங்களுக்கு நான் தரும் எச்சரிக்கை ஒன்றே ஒன்று: கஞ்சா பக்கம் போகாதீர்கள். படிப்பு ஒன்றும் செய்யாது.

இதைச் சொன்னால் உடனே கணித மேதைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முடிவிலியை ஆராய்ந்த ஜார்ஜ் கேன்டர் 1918இல் மனநலக் காப்பகத்தில்தான் இறந்தார். தர்க்கத்தின் எல்லையையே கண்டு சொன்ன குர்ட் கோடல், உணவில் விஷம் இருக்கும் என்று பயந்து மனைவி கையால் மட்டும் சாப்பிட்டு வந்தார். மனைவி மருத்துவமனையில் சேர்ந்ததும் சாப்பாட்டையே விட்டு, 1978இல் சுமார் 30 கிலோ எடையில் இறந்தார். இதெல்லாம் நடந்ததுதான். ஆனால் கேன்டருக்கு இருந்தது பெரும்பாலும் இருமுனை நோய், அதாவது அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய், என்பதே இன்றைய கருத்து. அது கணிதம் தெரியாதவர்களையும் கேன்டரைப் போலவே படுக்கையில் தள்ளும். ஜான் நாஷ் கதை இன்னும் தெளிவு. அவர் பெயர் நிலைக்கக் காரணமான வேலையை இருபதுகளின் தொடக்கத்திலேயே முடித்துவிட்டார். நோய் வந்தது 1959இல், முப்பது வயதில். அப்புறம் ஏறத்தாழ முப்பது வருடம் பெரிதாக எதையும் அவரால் செய்ய முடியவில்லை. யோசனை நோயை உண்டாக்கவில்லை, நோய்தான் யோசனையைத் தின்றது. மெல்ல மெல்லத் தேறிய பிறகு, 1994இல் நோபல் பரிசு வாங்கினார். லியோனார்ட் ஆய்லரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கண்பார்வை போன பிறகும் மனக்கணக்காகவே போட்டு, 76 வயதில் இறந்த அன்றுகூடக் கோள் ஒன்றின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர். பேரக்குழந்தைகளோடு விளையாடிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர் கதை எப்படி ஊர் சுற்றும்?

சரி, உங்களுக்கு என்னதான் இருக்கிறது?

உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையில் என் கண் நின்றது. ‘கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் ‘போல’தான் நான் தேடியது. பதற்றம் உச்சத்துக்குப் போகும்போதும் தூக்கம் கெடும்போதும் உலகம் அந்நியமாகத் தெரிவது நிறையப் பேருக்கு நடப்பதுதான். தன் குரலே வேறு யாருடைய குரலோ போல இருக்கும், கை தன் கை இல்லாததுபோல இருக்கும். அனுபவம் மிகவும் மிரட்டும். ஆனால் ‘போல’ இருக்கும் வரை, எது நிஜம் என்று சரிபார்க்கும் வேலையை மூளை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. மனச்சிதைவில் உதிர்ந்துவிடுவது அந்த இரண்டெழுத்துதான். அங்கே உலகம் மாறியதுபோல இருக்காது, மாறிவிட்டிருக்கும். அதைக் கேள்வி கேட்கத் தோன்றாது, கேட்பவர்மேல்தான் சந்தேகம் வரும். நோயின் ஆரம்பத்தில் ‘எனக்கு ஏதோ ஆகிறது’ என்று உணர்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்லாமல், ஒரு முறை நேரில் காட்டச் சொல்லப் போகிறேன். ஆனால் ‘பைத்தியம் பிடித்துவிடுமோ’ என்று இரண்டு வருடமாகப் பயந்துகொண்டு ஒழுங்காக வேலைக்கும் போய்வரும் ஒருவரைப் பார்க்கும்போது எங்களைப் போன்ற மனநல மருத்துவர்களுக்கு முதலில் தோன்றுவது பதற்ற நோய்தான்.

இந்தப் பயமே ஓர் அறிகுறி. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்க வகைப்பாட்டில், திடீரென்று பயம் உச்சத்துக்கு ஏறும் பீதித் தாக்குதலுக்கு 13 அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று, கட்டுப்பாட்டை இழந்துவிடுவோமோ, புத்தி கலங்கிவிடுமோ என்ற பயம். ஏட்ரியன் வெல்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் இன்னும் ஒரு படி போனார். கவலையை விட்டுத்தள்ள முடியாதவர்களைக் கவனித்ததில், அவர்கள் விஷயங்களைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை, கவலைப்படுவதைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள் என்று கண்டார். 1997இல் அவரும் சக ஆய்வாளரும் வெளியிட்ட கேள்வித்தாளில், ‘கவலை என்னைப் பைத்தியமாக்கிவிடக்கூடும்’ என்ற பொருளில் ஒரு வரியே இருக்கிறது. உங்கள் கேள்வி அச்சில் ஏறி இத்தனை வருடம் ஆகிறது. அவ்வளவு பேருக்கு இருக்கும் பயம் அது.

இது எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். அலுவலகத்தில் ஒரு சொல் உறுத்துகிறது. யோசிக்கிறீர்கள். பதற்றம் ஏறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது. சாதாரணமானவர் ‘நேரமாச்சு’ என்று திரும்பிப் படுத்துவிடுவார். உங்களுக்கோ மாமா ஞாபகம் வருகிறது. ‘ஐயோ, ஆரம்பித்துவிட்டதா?’ என்று மனதையே உற்றுக் கவனிக்க ஆரம்பிக்கிறீர்கள். உற்றுப் பார்த்தால் எந்த மனதிலும் ஏதாவது விசித்திரம் தென்படத்தான் செய்யும். அதைக் கண்டு பதற்றம் இன்னும் ஏறும். அலுவலகத்து வார்த்தை எப்போதோ மறந்துபோய்விட்டது. இப்போது ஓடுவது முழுக்க, ஓடுவதைப் பற்றிய பயம்.

குழந்தை விஷயமும் இதே வகைதான். 1978இல் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எந்த மனநோயும் இல்லாதவர்களிடம், கேட்காமல் வந்து விழும் அருவருப்பான எண்ணங்கள் உண்டா என்று விசாரித்தார்கள். ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் உண்டு என்றார்கள். உயரத்தில் நின்றால் குதித்துவிடுவேனோ, அன்பானவரைக் காயப்படுத்திவிடுவேனோ என்று இப்படித்தான். நோயாளிகளுக்கு வரும் எண்ணங்களின் உள்ளடக்கமும் ஏறக்குறைய இதேதான். வித்தியாசம் எண்ணத்தில் இல்லை, அதற்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. ‘சீ’ என்று விட்டவருக்கு அது போய்விடுகிறது. ‘எனக்கு ஏன் இது வந்தது?’ என்று பிடித்துக்கொண்டவருக்கு, திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயாகச் சில சமயம் முற்றுகிறது.

விரட்டவும் முடியாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம், இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றார். முதலில் அடக்கிப் பார்த்தவர்களுக்கு, முதலிலிருந்தே தாராளமாக விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. நீங்கள் குழந்தையைத் தொடாமல் இருப்பது, மூளைக்கு ‘அந்த எண்ணம் நிஜமான ஆபத்து’ என்று தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல. அக்கா பக்கத்தில் இருக்கும்போது முதலில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணம் வரும், வரட்டும். குழந்தையைக் கீழே வைக்க வேண்டாம்.

இனி யோசனைக்கு வருவோம். தமிழில் விசாரம் என்றால் ஆராய்ச்சி, விசாரம் என்றால் கவலையும்தான். ஆத்ம விசாரமும் அதே சொல், ‘என்ன விசாரமாக உட்கார்ந்திருக்கிறாய்’ என்பதும் அதே சொல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தானோ என்னவோ. உள்ளே இரண்டும் வேறு. ஆராய்கிறவன் அரை மணி நேரத்தில் ஏதாவது ஒன்றோடு எழுந்துவருவான். ஒரு முடிவு, இல்லையென்றால் ‘இதற்கு இன்னும் இந்தத் தகவல் வேண்டும்’ என்ற தெளிவு. கவலைப்படுகிறவன் தொடங்கிய இடத்திலேயே நிற்பான், களைப்பு மட்டும் கூடியிருக்கும். மாடு அசைபோட்டால் தின்றது செரிக்கும். மனம் அசைபோட்டால் செரிப்பதில்லை, புளிக்கிறது.

அது வெறும் பேச்சில்லை. 1989இல் கலிஃபோர்னியாவில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சூசன் நோலன்-ஹோக்ஸமா அங்கே மாணவர்கள் மன வருத்தத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அளந்து வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்கு ஏழு வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பே அசைபோடும் பழக்கம் இருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. ஆக, அதிக ‘யோசனை’ எதுவும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. பைத்தியமாக்காது. ஆனால் மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் தண்ணீர் ஊற்றி வளர்க்கும்.

செய்ய வேண்டியதில் முதலிடம் தூக்கத்துக்கு. 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் ஒரு சோதனைக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள், தூங்காமல் இருந்தார். இடையில் பார்வை ஏமாற்றியது, இல்லாதது தெரிந்தது, பேச்சு குழறியது. பிறகு 14 மணி நேரம் போல ஒரே தூக்கம், தெளிந்துவிட்டார். இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கும் தலையில் உலகம் விசித்திரமாகத் தெரிவதில் பாதிப் பங்கு தூக்கமின்மைக்கு இருக்கலாம். படுத்து அரை மணி நேரத்தில் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது. மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம்.

அடுத்தது கவலைக்கு நேரம் ஒதுக்குவது. கேட்டால் சிரிப்பீர்கள். 1980களில் தாமஸ் போர்க்கோவெக் என்ற ஆய்வாளர் முயன்று பார்த்த முறை இது. தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி நேரம். உங்களுக்கு மாலை ஆறு மணி வசதிப்படும் என்று நினைக்கிறேன். படுக்கையில் மட்டும் வேண்டாம். நாள் முழுக்க வரும் கவலைகளை ஒரு சீட்டில் ஒற்றை வரியாகக் குறித்துவிட்டு ‘ஆறு மணிக்கு வா’ என்று அனுப்பிவிடுங்கள். விரட்டவில்லை, தள்ளிவைக்கிறோம், அதனால் கரடி கதை இங்கே நடக்காது. ஆறு மணிக்கு உட்காரும்போது பாதிக் கவலைகளுக்கு ஏன் குறித்தோம் என்றே தெரியாது. முதல் வாரம் சரியாக வராது. விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். இரவில் நோயின் அறிகுறிகளை இணையத்தில் தேடுவது, அம்மாவிடம் ‘நான் சரியாத்தானே இருக்கேன்?’ என்று கேட்பது. இரண்டையும் நிறுத்துங்கள். பத்து நிமிட ஆறுதல் கிடைக்கும், பதினோராவது நிமிடம் சந்தேகம் வட்டியோடு வரும். இந்தப் பதிலையும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம்.

படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருக்கும் மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை நீங்கள் சும்மா இருக்கும்போதே எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்குப் போட்டால் அதற்குமேல் கூடுவது சொற்பம். தேய்ந்துபோகும் என்று சேமித்து வைக்கும் பொருள் அல்ல அது. ‘நான் யார்’ என்ற கேள்வியையும் தாராளமாகக் கேளுங்கள், பகலில், முடிந்தால் இன்னொருவரோடு பேசிக்கொண்டே.

அப்புறம், மனநல மருத்துவரை ஒரு முறை பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பதற்ற நோய் என்று உறுதியானால் பேச்சுவழிச் சிகிச்சையே பலருக்குப் போதும், பொதுவாக மூன்று நான்கு மாதம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரை தேவைப்பட்டால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு மனம் அடிமையாவதில்லை, ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. பழகிப்போகக்கூடியது அல்பிரசோலம் போன்ற வகை. நண்பர் சொன்னார் என்று அதைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

பின்வருபவற்றில் ஏதேனும் நடந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, உங்கள் எண்ணங்களை வேறு யாரோ தலைக்குள் போடுவதாக உறுதியாகத் தோன்றுவது, நாள்கணக்கில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் உற்சாகம் பொங்குவது. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அன்றே, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முதல் முறை போகும்போது எங்கிருந்து தொடங்குவது என்று திணறுவீர்கள், குறிப்பாகக் குழந்தை பற்றிச் சொல்ல நாக்கு எழாது. எங்களுக்கு அது வாரத்தில் இரண்டு மூன்று முறை கேட்கும் விஷயம்தான். ஆனாலும் வாய் வரவில்லை என்றால் பரவாயில்லை. எனக்கு எழுதிய கடிதத்தின் நகல் இருக்கும் அல்லவா, அதையே எடுத்துப் போய் மேசையில் வையுங்கள். நன்றாகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அது போதும்.